டென்மார்க் போன திருஷ்டிப் பொட்டு

"இது என்ன?"

மெயில் அவ்வளவுதான். மேலே 'அன்புள்ள' இல்லை, கீழே 'இப்படிக்கு' இல்லை. நடுவில் ஒரு படம். படத்தில் நூர் மெட்டல் வொர்க்ஸ் செய்து அனுப்பிய சைக்கிள் மணி ஒன்று. அதன் பளபளக்கும் மூடியில் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளியைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம்.

ஹேமநாதனுக்கு மின்விசிறிக்குக் கீழேயே வேர்த்தது. அவர் அந்தக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் கதவு, மேஜை, விசிட்டிங் கார்டு மூன்றும் இருந்தால் யாரும் மேனேஜர்தான்.

லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு முதலாளி பஷீருதீன் பாயின் அறைக்கு ஓடினார்.

"பாய், டென்மார்க் மேடம் அறைஞ்சுட்டாங்க."

"யாரை?"

"நம்மளத்தான். பாருங்க, ரெண்டே வார்த்தை. ஒரு 'டியர் சார்' கூட இல்ல. முப்பது வருஷ சர்வீஸ்ல எவ்வளவோ திட்டு வாங்கியிருக்கேன். திட்டுறவன்கூட 'ரெஸ்பெக்டட் சார்'னு ஆரம்பிச்சுத்தான் திட்டுவான்."

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பூந்தமல்லியிலிருந்து தினமும் காரில் வந்து போகிற, எதற்கும் அசராத மனிதர். அவருக்கே முகம் தொங்கிவிட்டது.

தொங்காமல் என்ன செய்யும்? ஊரில் சைக்கிளுக்கு மணி வாங்குகிறவர்கள் அருகிப் போய், மணி ஷெட்டை மூடிக் குடோனுக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்று பாய் முடிவு கட்டிய சமயத்தில்தான் இந்த டென்மார்க் கம்பெனி வந்தது. முதலில் சாம்பிளாக இரண்டு லாட். பிடித்திருந்தால் நிரந்தர ஆர்டர். பிடிக்காவிட்டால் ஷெட் குடோனாகிவிடும், அதில் வேலை செய்கிற இருபது பேரும் ஹேமநாதனும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஐம்பத்திரண்டு வயதுக்காரரை எவன் கூப்பிட்டு நாற்காலி போடுவான்? இதை நினைத்து நினைத்தே அவருக்கு இரண்டு மாதமாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

பேக்கிங் பிரிவிலிருந்து அஞ்சலையைக் கூப்பிட்டார்கள். அவள் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி வந்து படத்தைப் பார்த்தாள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண போட்டோவைப் பார்ப்பதுபோல முகம் மலர்ந்தது.

"நம்ப மணிதான் சார். நல்லாத்தான போய்ச் சேந்துகீது? இன்னா கொற?"

"அந்தக் கறுப்புப் புள்ளி என்னம்மா?"

"அதுவா? நாந்தான் வெச்சேன்."

"நீயா? எதுக்கு?"

"இன்னா சார் கேள்வி இது? கடல் தாண்டிப் போவுது. ஒவ்வொண்ணும் தளதளன்னு கீது. எவ கண்ணு எப்படின்னு யாருக்குத் தெரியும்? அதான் பொட்டிக்கு ஒரு மணிக்கு, கண்மைல பொட்டு வெச்சு உட்டேன். உங்க பொண்ணு கொயந்தையா இருக்கசொல்லோ நீங்க வெக்கலியா?"

வைத்திருந்தார். மகள் மூன்றாம் வகுப்பில் அழுது அடம்பிடித்துத் துடைத்துக்கொள்கிற வரைக்கும் வைத்திருந்தார். அதனால் அவரால் அஞ்சலையை முழு மனதாகத் திட்டவும் முடியவில்லை.

"சரி, திருஷ்டிப் பொட்டுன்னு எழுதிடவா பாய்?"

"அட ஏங்க நீங்க! வெள்ளக்காரங்க சிரிப்பாங்க. இவனுங்க இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கானுங்கன்னு ஆர்டரையே நிறுத்திடுவாங்க." பாய் தன் கழுத்துத் தாயத்தைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார். "கௌரவமா ஏதாவது எழுதுங்க."

கௌரவமாக எழுதுவதில் ஹேமநாதனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் கணக்குப்படி கடிதத்தின் நீளமும் மரியாதையும் ஒன்று. போதாக்குறைக்கு அவர் மகள் போனில் ஒரு செயலி வேறு போட்டுக் கொடுத்திருந்தாள். நாம் எழுதியதை அதில் கொடுத்து 'இன்னும் மரியாதையாக' என்ற பொத்தானை அமுக்கினால் ஆங்கிலம் அரசாங்க உத்தரவு மாதிரி கம்பீரமாகிவிடும். ஹேமநாதன் மூன்று முறை அமுக்கினார்.

'பெருமதிப்பிற்குரிய அம்மையார் அவர்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவரக் கடமைப்பட்டுள்ளோம்' என்று ஆரம்பித்து, அந்தப் புள்ளி தங்கள் கம்பெனியின் தனிச்சிறப்பான தர ஒப்புதல் முத்திரை என்று ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது.

பாய் படித்துவிட்டுத் தலையாட்டினார். "பிரமாதம். அப்படியே அவங்க மொதலாளிக்கும் ஒரு காப்பி போடுங்க."

"அவருக்கு எதுக்கு பாய்?"

"மரியாதைதாங்க. வீட்டுப் பொண்ணுகிட்ட பேசும்போது வீட்டுப் பெரியவருக்கு ஒரு சலாம் வைக்க வேணாமா? நாளைக்கு அவரு 'என்னை மதிக்கலையே'ன்னு நினைச்சுடுவாரு."

நியாயமாகத்தான் பட்டது. அந்தம்மாவின் பெயர் கிர்ஸ்டன். அவளுடைய முதலாளியின் முகவரி அந்தக் கம்பெனியின் வலைத்தளத்திலேயே இருந்தது. காப்பி போய்ச் சேர்ந்தது.

மறுநாள் டீ நேரத்தில் பதில் வந்தது. "சரி. ஏன் பெட்டிக்கு ஒன்றில் மட்டும்?"

ஹேமநாதன் டீயைக் கீழே வைத்தார். ஒன்றில் மட்டும் முத்திரை என்றால் மற்றதையெல்லாம் சோதிக்கவே இல்லை என்று ஆகிறதே! யோசித்து யோசித்து, பெட்டியிலேயே மிகச் சிறந்த மணிக்குத்தான் அந்த முத்திரை என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினார். மறக்காமல் முதலாளிக்கும் காப்பி போட்டார்.

பதில் வந்தது. "மற்றவற்றில் என்ன குறை?"

"பாய், நல்லா மாட்டிக்கிட்டோம்."

"நீங்க ஏங்க 'சிறந்த'ன்னு எழுதினீங்க?"

"நீங்கதானே கௌரவமா எழுதச் சொன்னீங்க?"

"கௌரவமா எழுதுங்கன்னா, மத்தத கேவலப்படுத்தியா எழுதுறது?"

அன்றைக்கு ஹேமநாதன் கொண்டுபோன சாப்பாட்டை அப்படியே கள்ளிக்குப்பத்து வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார். தன் எலுமிச்சை சாதத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றதும் அவர் மனைவி ஷோபனாவுக்கு விஷயத்தின் கனம் புரிந்துவிட்டது.

"பேசாம மன்னிப்பு கேட்டுடுங்களேன். தப்பு பண்ணவங்களைச் சும்மா விடமாட்டோம்னு ஒரு வரி சேருங்க. அப்பதான் கேக்கறவங்களுக்கு மனசு ஆறும்."

அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. ஹேமநாதன் எழுதினார். இனிமேல் ஒவ்வொரு மணியிலும் முத்திரை இருக்கும். நடந்த குழப்பத்துக்குக் காரணமானவர்கள் எவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தாலும் அவர்கள்மீது தயவு தாட்சண்யமில்லாமல் கடும் நடவடிக்கை எடுக்கப்படும். அவர் மனதில் இருந்தது அஞ்சலையும் தானும்தான். அதில் உயர்ந்த பதவி அவருடையது. பொத்தானை இந்த முறை ஐந்து தரம் அமுக்கினார். முதலாளிக்கு மட்டும் காப்பி போட்டால் போதாதென்று, அந்த முதலாளிக்கும் மேலே உட்கார்ந்திருந்த சேர்மன் என்கிற பெரியவருக்கும் ஒரு காப்பி போட்டார். பெரிய மன்னிப்புக்குப் பெரிய சபை வேண்டாமா?

இந்தத் தடவை பதில் வர மூன்று நாளாயிற்று. "முத்திரையின் வரைபடம் அனுப்பவும். அளவு, இடம், நிறம்."

ஹேமநாதன் வெர்னியர் காலிபரை எடுத்துக்கொண்டு பேக்கிங் பிரிவுக்குப் போனார்.

"அஞ்சலைம்மா, விரலைக் காட்டு."

"இன்னாத்துக்கு சார்?"

"அளவு எடுக்கணும். டென்மார்க்ல கேக்கறாங்க."

"என் வெரலையா?" அவளுக்கு வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தது. மோதிர விரலை நீட்டினாள். நுனி எட்டு மில்லிமீட்டர். புள்ளி மூன்றரை. ஹேமநாதன் வரைபடம் போட்டு அனுப்பினார், ரப்பர் ஸ்டாம்பு ஒன்றும் செய்ய வைத்தார். இரண்டாவது லாட்டில் எல்லா மணிக்கும் மூடியில், ஒரே இடத்தில், கச்சிதமான வட்டமாகக் கறுப்பு முத்திரை.

அஞ்சலைக்கு மட்டும் இது கொஞ்சமும் ஒப்பவில்லை.

"சார், இன்னா பண்ணிகினு கீறீங்க? எல்லாத்துக்கும் வெச்சா அது எப்பிடித் திருஷ்டி ஆவும்? ஒண்ணு அசிங்கமா இருந்தாதான பாக்கறவன் கண்ணு அதும்மேல போவும், மிச்சதெல்லாம் தப்பிக்கும்?"

"இது திருஷ்டி இல்லம்மா. தர முத்திரை."

"அதுவும் இவ்ளோ அயகா, ரவுண்டா கீது! இந்தப் பொட்டுக்கே கண்ணு பட்டுடும் சார்."

"போய் வேலையப் பாரு."

வேலையைத்தான் பார்த்தாள். லாட் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த பிறகு வந்த மெயிலைப் பார்த்தபோதுதான் அவள் என்ன வேலை பார்த்திருக்கிறாள் என்பது ஹேமநாதனுக்குத் தெரிந்தது. படத்தில் ஒரு மணி. மூடியில் கச்சிதமான வட்டப் புள்ளி. அதன் பக்கத்தில் கோணல்மாணலாக இன்னொரு குட்டிப் புள்ளி.

"பெட்டிக்கு ஒன்றில் இரண்டு. ஏன்?"

"அஞ்சலை!" என்று ஹேமநாதன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான்.

"நாந்தான் அன்னிக்கே சொன்னேனே சார், பொட்டுக்கே கண்ணு படும்னு. அதான் பொட்டுக்கு ஒரு பொட்டு வெச்சேன்."

இதற்கு மேல் என்ன எழுதுவது? ஹேமநாதன் தன் வாழ்நாளிலேயே நீளமான கடிதத்தை அன்றைக்குத்தான் எழுதினார். அதில் காரணம் எதுவும் இல்லை, மரியாதை மட்டுமே இருந்தது. டென்மார்க் வலைத்தளத்தில் யார் யார் முகம் தெரிந்ததோ அத்தனை பேருக்கும் காப்பி போனது.

ஒரு வாரம் சத்தமே இல்லை. பிறகு வந்தது.

"வியாழக்கிழமை நேரில் வருகிறேன். கிர்ஸ்டன்."

"இதுவரைக்கும் பேரே போடாதவ பாய். இப்ப பேர் போட்டு வர்றா. முடிவு பண்ணிட்டா."

பாய் வெகுநேரம் ஜன்னல் வழியே மணி ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருபது குடும்பங்க," என்றார். "அந்தப் பொண்ணு வாயத் தொறந்து 'வேணாம்'னு சொல்லிட்டா முடிஞ்சுது. சொல்ல விடக்கூடாது."

"எப்படி பாய் சொல்லவிடாம பண்றது?"

"சாப்பாடு போட்டுத்தான். நம்ம உப்பு உள்ள போயிடுச்சுன்னா மனசு வராதுங்க. வாயி காலியா இருந்தாத்தானே கெட்ட சேதி வரும்?"

புதன்கிழமை முழுக்கத் துப்புரவு நடந்தது. கேட்டில் தொங்கிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் போயின. ஷெட் வாசலில் மீசையோடு முறைத்துக்கொண்டிருந்த பூசணிக்காய் போயிற்று. பிரஸ் மெஷினில் கட்டியிருந்த கறுப்புக் கயிறும் சங்கும் போயின. எஸ்டேட்டில் அந்தத் தெரு முழுக்கத் திருஷ்டி கட்டித் தொங்க, நூர் மெட்டல் வொர்க்ஸ் மட்டும் மொட்டையாக நின்றது.

"வேணாம் சார்," என்றாள் அஞ்சலை. "எல்லாத்தையும் அவுத்துட்டு ஆளக் கூப்புடறீங்க. எனக்கு மனசே சரியில்ல."

விமான நிலையத்திலிருந்து கூட்டிவர அப்பாவுவின் வாடகைக் கார் போனது. அப்பாவு வாய் ஓயாத டிரைவர். விமான நிலையத்திலேயே கிடந்து பழகிய இங்கிலீஷ் கைவசம் உண்டு. எந்த நாட்டுக்காரர் ஏறினாலும் அம்பத்தூர் வருவதற்குள் அவர்கள் குடும்பக் கதையைக் கறந்துவிடுவார். பதினோரு மணிக்குக் கார் வந்து நின்றது. அப்பாவு இறங்கிய வேகத்தில், "பாய், ஒரு சேதி..." என்று ஆரம்பித்தார்.

"ஊர்க்கதையெல்லாம் அப்புறம். வண்டிய நெழல்ல போடுப்பா," என்று பாய் அவரைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்.

கிர்ஸ்டன் இறங்கினாள். ஆறடி இருப்பாள். முப்பது வயது இருக்கலாம். முகம், மூக்கு, காது எல்லாம் சிவந்திருந்தது. கண்ணுக்குக் கீழே வளையம். கையில் ஒரு வட்ட பிஸ்கட் டின். அதை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கோவத்துல செவந்திருக்கா பாய்," என்று ஹேமநாதன் முணுமுணுத்தார்.

"வெயிலுங்க."

"வெயிலுக்கு மூக்கு சிவக்கும். காது வரைக்குமா சிவக்கும்? அந்த டின் வேற. ஃபாரின்ல கணக்கு முடிக்கும்போதுதான் இந்த மாதிரி கைல ஏதாவது குடுத்து அனுப்புவாங்களாம்."

கிர்ஸ்டன் உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமினாள். "நான் முதலில் ஒன்று சொல்ல விரும்புகிறேன்..."

"டீ!" என்றார் பாய். "முதலில் டீ, மேடம்."

டீ வந்தது. குடித்தாள். கப்பை வைத்தாள். "நான் சொல்ல வந்தது..."

"சமோசா!"

சமோசாவுக்குப் பின்னால் கேக், கேக்குக்குப் பின்னால் இளநீர், அதற்குப் பின்னால் பூந்தமல்லியிலிருந்து பாய் வீட்டு அம்மா அனுப்பிய பிரியாணி. கிர்ஸ்டன் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிட இன்னும் சிவந்தாள். வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் நடுவே ஹேமநாதனின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஹேமநாதனும் அதற்கேற்ற முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் முன்னால் பல்லைக் காட்டக் கூடாது என்று வளர்ந்தவர். விறைப்பாக, கைகட்டி, சிரிக்காமல், சட்டைக் காலர் பட்டன் வரை போட்டு, மரியாதையின் மொத்த உருவமாக இருந்தார்.

சாப்பாடு முடிந்து பாய் கை கழுவ எழுந்த ஒரு நிமிடத்தில் அவள் கேட்டுவிட்டாள். குரல் மிக மெல்லியதாக இருந்தது.

"உங்கள் கடிதத்தில் எழுதியிருந்தீர்களே, கடும் நடவடிக்கை என்று. அது... எடுத்தாயிற்றா?"

ஆகா, இதைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று ஹேமநாதனுக்குப் பட்டது. விட்டுக்கொடுக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிச்சயமாக எடுப்போம், மேடம். விடவே மாட்டோம்."

"உயர்ந்த பதவியில் இருந்தாலும்?"

"அவர்கள்தான் முதலில், மேடம்."

அவள் முகத்திலிருந்த சிவப்பெல்லாம் ஒரே நொடியில் வடிந்து வெளுத்துப் போயிற்று. நம் பதிலில் திருப்தி இல்லை போலிருக்கிறது என்று ஹேமநாதன் மனம் உடைந்தார்.

பிறகு கிர்ஸ்டன், "அந்த முத்திரையை வைப்பவரைப் பார்க்கலாமா?" என்றாள்.

அதற்கும் ஏற்பாடு செய்துதான் வைத்திருந்தார்கள். ஷெட்டின் மூலையில் ஒரு மேஜை, மேலே வெள்ளைத் துணி, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு ஸ்டாம்பு. பின்னால் வெள்ளைக் கோட்டு போட்டு அஞ்சலையை நிறுத்தியிருந்தார்கள். கோட்டு கிளினிக்கில் வேலை செய்கிற அவள் தங்கையுடையது. பாக்கெட்டில் இன்னும் தெர்மாமீட்டர் இருந்தது.

"பெட்டியில் எந்த மணிக்கு இரண்டு வைப்பது என்று எப்படித் தேர்ந்தெடுக்கிறாய்?" என்று கிர்ஸ்டன் கேட்டாள்.

ஹேமநாதன் தமிழில் சொன்னார்.

"எது ரொம்ப அயகா கீதோ அதுக்குத்தான்," என்றாள் அஞ்சலை.

"சர்வதேச முறைப்படி, மேடம், எதேச்சையாக," என்றார் ஹேமநாதன்.

கிர்ஸ்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அஞ்சலை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா சார், புள்ள மூஞ்சியே சரியில்லியே. கண்ணு உள்ள போயிகீது. இவ்ளோ ஒசரம், இவ்ளோ நெறம். வர்ற வழியெல்லாம் எஸ்டேட்டே பாத்திருக்கும். சுத்தமா கண்ணு பட்டுகீது."

"அஞ்சலை, வாய மூடு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கையை நீட்டிவிட்டாள். இடுப்பில் செருகியிருந்த மைச்சிமிழ் எப்போது திறந்தது, விரல் எப்போது போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. எட்டிய வரைக்கும் எம்பி, டென்மார்க் கம்பெனியின் வலது கன்னத்தில் ஒரு பொட்டை வைத்துவிட்டு, "இப்ப சரியாப்பூடும்," என்றாள்.

ஷெட்டில் பிரஸ் மெஷின்கூட நின்றுவிட்டது. "யா அல்லாஹ்," என்று பாய் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஹேமநாதன் எல்லாவற்றையும் உடைத்தார். அவசரத்தில் செயலி இல்லை, பொத்தான் இல்லை, 'பெருமதிப்பிற்குரிய' எதுவுமே வரவில்லை. தெரிந்த இங்கிலீஷில் வந்ததைச் சொன்னார். அழகான பொருளை நாலு பேர் பார்த்தால் அதற்குக் கெடுதல் வரும் என்று எங்கள் ஊரில் நம்புவார்கள். அதனால் ஒரு ஓரத்தில் கொஞ்சம் அசிங்கம் பண்ணிவைப்பார்கள். குழந்தைக்கு வைப்பார்கள், வீட்டுக்கு வைப்பார்கள், மணிக்கும் வைத்துவிட்டாள். தர முத்திரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் எழுதியதெல்லாம் பொய்.

கிர்ஸ்டன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய மையைப் பார்த்தாள்.

"அப்படியானால், எங்களுக்கு அனுப்பிய மணிகள் அவ்வளவு அழகாக இருந்ததாக அவள் நினைத்தாளா?"

"ஆமாம், மேடம்."

"என்னையுமா?"

ஹேமநாதன் அஞ்சலையைக் கேட்காமலே, "ஆமாம், மேடம்," என்றார்.

அவள் கண் கலங்கிவிட்டது. அவமானம் தாங்காமல்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் இன்னும் ஏதோ சொல்ல நினைத்து, அவருடைய விறைத்த முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "நன்றி. நான் கிளம்ப வேண்டும்," என்று மட்டும் சொல்லி விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தாள். கன்னத்துப் பொட்டைத் துடைக்கக்கூட இல்லை.

அவ்வளவுதான். எல்லாம் முடிந்தது. பாய் ஒரு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஷெட்டு நீள அகலம் பாத்து வைங்க ஹேமநாதன். குடோன் கேட்டவனுக்குச் சொல்லணும்."

ஹேமநாதன் அசையவில்லை. ஷோபனாவிடம் எப்படிச் சொல்வது, எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது என்று யோசித்துக்கொண்டு நின்றார். அஞ்சலை வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்தாள். "எல்லாம் என்னாலதான் சார்," என்று மூக்கை உறிஞ்சினாள். பேக்கிங் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சுற்றி நின்றார்கள்.

அப்போது அப்பாவு உள்ளே வந்தார்.

"சார், அந்தம்மா தண்ணி கேக்குது, ஒரு பாட்டில் குடுங்க." சுற்றிப் பார்த்தார். "இன்னா பாய், எழவு ஊடு மாரி குந்திகினு கீறீங்க?"

"ஆர்டர் போச்சு அப்பாவு," என்றார் ஹேமநாதன். "மேடம் அவ்வளவு கோவமா வந்தாங்க. அதே கோவத்தோட போறாங்க."

"யாரு, அதுவா கோவமா வந்துது? நீங்க அவ்ளோ மரியாதையா எய்தினதும், அத்த அவங்க மொதலாளிங்க அத்தினி பேருக்கும் அனுப்பிச்சதும், அந்த ஊர்ல மெயில் வாங்கின ஆள வேலைய உட்டுத் தூக்கச் சொல்ற வழியாம் சார்! 'மணி நமக்குப் புடிச்சிகீது, அந்த ஹேமநாதன் கால்ல உயுந்தாவது அஞ்சு வருசத்துக்கு மணி வாங்கிகினு வா, இல்லாங்காட்டி வராத'ன்னு தொரத்தி உட்டுகீறாங்க, உங்க மூஞ்சியப் பாத்து அத்தக் கேக்க பயந்துகினு அந்தப் பொண்ணு வண்டில குந்திகினு அயுதுகினு கீது!"